பத்து கெஜம்

மயிலாடுதுறை கூறைநாட்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. கடந்த ஆண்டு ஆவணி மாதம் முழுக்க அந்த வீட்டுக் கூடத்திலிருந்து வாசல் திண்ணை வரை தரையில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. குறுக்காகப் பத்துக் கோடுகள். நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் ஏதோ பரிகாரம் என்று நினைத்து, மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். “எந்த ஜோசியர் சொன்னாரு?” என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டவர்களும் உண்டு.

ஜோசியர் யாரும் சொல்லவில்லை. 25 வருடங்களுக்கு முன்பு அதே கூடத்தில் டி.வி-யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோ கேமிலிருந்து வந்த கோடுகள் அவை.

2000-ம் ஆண்டு கோடை விடுமுறை. அவன் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். தங்கை மூன்றாவது. சென்னையிலிருந்து வந்த மாமா, பர்மா பஜாரில் வாங்கிய ஒரு அட்டைப்பெட்டியை இருவர் கையிலும் கொடுத்தார். உள்ளே ஒரு வீடியோ கேம், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, கொஞ்ச நேரத்திலேயே அடுப்பு மாதிரி கொதிக்கும் ஒரு அடாப்டர், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட்.

அந்தத் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் ‘ஃபேமிகாம்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் 90-களில் இந்தியச் சிற்றூர்கள் வரை வந்தன. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் எனப் பல பெயர்கள். மரியோவும் கான்ட்ராவும் நம் தெருவுக்கு வந்தது இப்படித்தான். கேசட்டின் மேல் ‘இத்தனை லட்சம் கேம்ஸ்’ என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து, இருபது கேம்தான் பெயர் மாறி மாறி வரும்.

பெட்டியோடு வராத ஒன்று உண்டு. எப்படி ஆட வேண்டும் என்று சொல்லும் புத்தகம். மரியோவுக்கு அது தேவையில்லை. பள்ளம் வந்தால் குதிக்கலாம். கார் ரேஸுக்கும் தேவையில்லை. ஆனால் அந்த மஞ்சள் கேசட்டில் ‘டென் யார்ட் ஃபைட்’ என்று ஒன்று இருந்தது. ‘ஃபைட்’ என்ற சொல்லைப் பார்த்து, புரூஸ் லீ மாதிரி ஏதோ வரும் என்று நினைத்துத்தான் அவன் அதை அழுத்தினான்.

வந்தது ஒரு பச்சை மைதானம். ஹெல்மெட் போட்ட ஆட்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். ஒருவன் கையில் பந்து. ஓடினால் நாலு பேர் வந்து விழுந்து அமுக்குகிறார்கள். மறுபடி வரிசை. மறுபடி ஓட்டம். மறுபடி அமுக்கல். கொஞ்ச நேரத்தில் காரணமே இல்லாமல் பந்து எதிராளியிடம் போய்விடுகிறது.

“நாம என்ன தப்பு பண்ணோம்?” என்றாள் தங்கை. யாருக்கும் தெரியவில்லை. தெருப் பையன்கள் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். கீழே விழுந்தால் அவுட் என்றான் ஒருவன். நேரம் முடிந்துவிட்டது என்றான் இன்னொருவன். திரையில் அவ்வப்போது வரும் ‘டவுன்’ என்ற சொல்லைச் சத்தமாகப் படித்த பையனிடம், “எந்த டவுனுடா? கும்பகோணமா?” என்று மற்றவர்கள் கேட்டுச் சிரித்ததும் நடந்தது.

அது அமெரிக்கன் ஃபுட்பால். காலால் உதைப்பதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதே அதிகமான ஃபுட்பால். ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1983-ல் நாணயம் போட்டு ஆடும் கடைகளுக்காகச் செய்த கேம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபேமிகாம் கேசட்டாக வந்தது. நின்டெண்டோ 1985 அக்டோபரில் அமெரிக்காவுக்குத் தன் பெட்டியைக் கொண்டுபோனபோது, முதல் நாள் கடைக்கு வந்த கேம்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் விளையாட்டை ஜப்பான்காரர்கள் கேசட்டில் ஏற்ற, அது பர்மா பஜார் வழியாகக் கூறைநாட்டுக்கு வந்திருந்தது. இந்த விவரமெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்? ‘கபடி கேம்’ என்று பெயர் வைத்தாள் தங்கை. அதுவே நிலைத்தது.

அப்பாவுக்கு வீடியோ கேம் பிடிக்காது. “பிக்சர் ட்யூப் போயிடும்” என்பது அன்று தமிழ்நாட்டு அப்பாக்கள் எல்லோரும் சொன்ன வாக்கியம். அவரும் சொன்னார். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. காலை 9 மணிக்குப் போனால் இரவு 9.30-க்குத்தான் வருவார். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் பிள்ளைகள் டி.வி-யை விட்டுக்கொடுக்காததில் அவருக்குக் கோபம்.

ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பிட்டுவிட்டுத் தலைக்குத் துண்டை மடித்து வைத்துப் படுத்திருந்தவர், தூக்கம் வராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஐந்தாவது முறையாகப் பந்தைப் பறிகொடுத்தபோது எழுந்து உட்கார்ந்தார்.

“ஏன்டா நேரா போய் அவன் மேலயே விழுற? பாடிப் போறவன் எவனாச்சும் நேரா போவானா?”

அப்பா கபடி ஆடியவர். கல்யாணத்துக்கு முன்பு, செம்பனார்கோவில் பக்கம் அவருடைய கிராமத்து அணிக்குப் பாடிப் போகிறவர் அவர்தான். அறுவடை முடிந்த வயலில் ட்யூப் லைட் கட்டி விடிய விடிய நடக்கும் போட்டிகள். ஜெயித்துக் கொண்டுவந்த எவர்சில்வர் குடம் ஒன்றில்தான் அந்த வீட்டில் இன்றும் தண்ணீர் பிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் குடம் தெரியும். அப்பா ஆடி அவர்கள் பார்த்ததில்லை.

ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். எந்த பட்டன் எதற்கு என்று கேட்கவில்லை. இடதுபக்கம் கொஞ்சம் ஓடினார். நாலு பேரும் அந்தப் பக்கம் சாய்ந்ததும் வலதுபக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். கோட்டைத் தாண்டியபோது தங்கை கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்ததுதான் முக்கியம்.

“நாலு தடவதான் தர்றான் பாரு. நாலுக்குள்ள ஏதோ ஒரு தூரம் போயிட்டா மறுபடியும் நாலு தர்றான். போகலன்னா புடுங்கிக்கிறான்.”

“எவ்ளோ தூரம்ப்பா?”

அப்பா சிரித்தார். “பேருலயே இருக்கேடா. யார்டுன்னா கெஜம். டென் யார்டு. பத்து கெஜம்.”

ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் அவர் தொழில். இந்தியாவில் 1956-ல் சட்டம் வந்து, 60-களின் தொடக்கத்தில் கடைகளில் கெஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் பெரியவர்கள் வந்து கெஜக் கணக்கில்தான் துணி கேட்பார்கள். ஒன்பது கெஜம் புடவைக்கு இன்றும் அதுதானே பெயர்?

“கெஜம்னா மூணு அடி. 36 இஞ்ச். கோல் இல்லன்னா இப்படி” என்று வலது கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து மூக்கு வரை துணியை இழுத்துப் பிடிப்பதுபோல் காட்டினார். “ஒன்பது கெஜம் புடவையை நீளமா விரி. அதுக்கு மேல ஒரு கெஜம். அவ்ளோதான் பத்து.”

தங்கைக்கு அப்போதும் புரியவில்லை. அப்பா பரணிலிருந்து ஒரு இரும்புக் கோலை எடுத்தார். கடையைப் புதுப்பித்தபோது தூக்கிப்போட்ட பழைய கெஜக்கோல். மனசு கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கூடத்துச் சுவரிலிருந்து ஆரம்பித்துக் கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே போனார். கூடம் தாண்டி, ரேழி தாண்டி, வாசல் நிலைப்படியில் ஒன்பது. திண்ணை ஓரத்தில் பத்து.

“இவ்ளோதானா?” என்றான் மகன்.

“நாலு பேரு மேல விழுறப்ப ஓடிப் பாரு. அப்ப தெரியும்.”

அதன்பிறகு இரண்டு வருடம், விடுமுறை நாள் மதியங்கள் அந்த கேமுக்கு என்று ஆனது. அப்பா ஒருபோதும் பந்தைத் தூக்கி எறிந்து ஆடவில்லை. “கையில இருக்கறத எதுக்குத் தூக்கிப் போடணும்?” என்பார். ஓட்டம் மட்டும்தான். கான்ட்ராவையோ மரியோவையோ அவர் தொட்டதும் இல்லை.

பிறகு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அடாப்டர் புகைந்தது. வேறு வாங்கிப் போட்டும் பெட்டி ஓடவில்லை. கேசட்டைக் கழற்றி ஊதி ஊதிப் பார்த்தார்கள். மகன் எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது என்று போய்விட்டான். பிறகு கல்லூரி, பிறகு சென்னையில் வேலை. தங்கை கல்யாணமாகி திருச்சிக்குப் போனாள். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு என்றும் ஒன்றும் இல்லை. வாரம் ஒரு போன். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” “அம்மாகிட்ட குடுக்கவா?” “ம், குடுங்க.” பல வருடங்கள் இப்படியே போயின. 2014-ல் புரோ கபடி லீக் வந்த பிறகு, மேட்ச் நடக்கும் மாதங்களில் மட்டும் அதில் இரண்டு வாக்கியம் கூடியது.

சென்னையில் ஒரு நாள் அலுவலகத்தில், அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுவாக்கில் ‘சூப்பர் பவுல்’ பற்றிச் சொன்னார். அன்றிரவு அவன் முதன்முறையாக அந்த ஆட்டத்தின் விதியைப் படித்தான். அப்பா சொன்னது அப்படியே இருந்தது. நாலு வாய்ப்பு. பத்து கெஜம். போய்விட்டால் மறுபடி நாலு.

அந்த விதி எப்படி வந்தது என்பதும் சுவாரஸ்யமானது. ஆரம்பத்தில் அப்படி எதுவும் கிடையாது. 1881-ல் அமெரிக்காவில் யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டத்தில், முதல் பாதி முழுக்க ஒரு அணியும் இரண்டாம் பாதி முழுக்க இன்னொரு அணியும் பந்தை வைத்துக்கொண்டு நகராமலே நின்றன. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். மறு ஆண்டே வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியில் விதி வந்தது: மூன்று வாய்ப்புக்குள் ஐந்து கெஜமாவது முன்னேறு, இல்லையென்றால் பந்தைக் கொடு. 1906-ல் ஐந்து கெஜம் பத்தாக மாறியது. 1912-ல் மூன்று வாய்ப்பு நான்கானது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதே கணக்குதான். புரோ கபடியிலும் இதன் சாயல் உண்டு. ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய்ப் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. எடுத்தே ஆக வேண்டும். சும்மா நிற்பதை எந்த ஆட்டமும் ஒப்புக்கொள்வதில்லை.

கடந்த ஆண்டு ஆடி மாதம், விடியற்காலையில், கொல்லைப்புறக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்தார். வயது 68. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிரச்னை அதற்குப் பிறகுதான்.

இந்த அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளிலேயே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள், நடக்க வைப்பார்கள். வயதானவர்கள் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி கட்டலாம், முதுகில் புண் வரலாம். எலும்பு முறிவைவிட, அதற்குப் பிறகு படுத்துக் கிடப்பதுதான் பல பேரைச் சாய்க்கிறது. மருத்துவமனையில் இருந்தவரை அப்பா சொன்னபடி செய்தார். வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

வலிக்கிறது என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. “போதும்” என்றார். கூடத்தில் போட்ட கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண், “ஐயா, இன்னிக்கு வாசல் வரைக்கும் போய் வெளியக் காத்து வாங்கலாமா?” என்று கெஞ்சினால், கண்ணை மூடிக்கொள்வார். தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று கொடுத்த பட்டியலை மட்டும் சொல்லிக்காட்டுவார். “இதெல்லாம் கூடாதுன்னா அப்புறம் என்ன இருக்கு? விடும்மா.”

அம்மா சென்னைக்குப் போன் செய்தபோது அழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. “நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. எங்க பேச்சக் கேக்கல” என்றார், அவ்வளவுதான். அவன் வேலையை வீட்டிலிருந்து பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வந்தவனுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேசிப் பழக்கம் இருந்தால்தானே?

முதல் இரண்டு நாள் மற்றவர்கள் சொன்னதையே அவனும் சொன்னான். மூன்றாம் நாள் செல்போனில் அந்தப் பழைய கேமைத் தேடி இறக்கி, அப்பா முகத்துக்கு நேரே நீட்டினான். “ஞாபகம் இருக்காப்பா?” அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எறும்பு மாதிரி இருக்கு. கண்ணு தெரியல” என்று திரும்பிக்கொண்டார்.

நான்காம் நாள் போ ஜாக்சன் கதையைச் சொன்னான். அந்த ஆட்டத்தில் ஒரு வீரர். மின்னலாக ஓடுவார். 1991 ஜனவரியில் ஒரு போட்டியில் பிடித்து இழுத்ததில் இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. அத்தோடு அவருடைய ஃபுட்பால் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘டெக்மோ சூப்பர் பவுல்’ என்ற கேசட் வந்தது. முந்தைய சீசன் கணக்குப்படி செய்த கேம் என்பதால் அதில் அவர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அமெரிக்காவில் அந்த கேசட்டை வைத்துப் போட்டி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இன்றைக்கும் அவரைப் பிடிப்பது கஷ்டம். “அது கேம். நிஜத்துல என்ன ஆச்சு தெரியுமாப்பா? 1992-ல இடுப்பு மூட்ட மாத்தினாங்க. உங்களுக்கு மாத்துன மாதிரியே. மறு வருஷம் பேஸ்பால் ஆட வந்தாரு. வந்து பிடிச்ச முதல் பேட்டிங்லயே ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரி.”

அப்பா முழுதாகக் கேட்டார். “அவனுக்கு அப்ப என்ன வயசு?”

“முப்பது.”

“எனக்கு அறுபத்தெட்டு.”

அதற்கு மேல் பேச இடமில்லை.

ஐந்தாம் நாள் அவனுக்கே சலிப்பாக இருந்தது. அப்பா தூங்கும்போது, என்ன செய்கிறோம் என்று பெரிதாக யோசிக்காமல், தைக்கும் டேப்பையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக் கூடத்துச் சுவரிலிருந்து அளந்து கோடு போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கோடு போடும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

“என்னடா அளக்குற?”

“பத்து கெஜம்ப்பா. நாலு தடவைக்குள்ள...”

“அது கெஜம் இல்ல.”

“டேப்பு வச்சுத்தான் அளக்கறேன்.”

“டேப்புல நூறு வரைக்கும் இழுத்து வச்சிருக்க. அது மீட்டரு. கெஜம் 36 இஞ்ச். மீட்டரு 39-க்கு மேல. பத்துக்குப் போட்டா கிட்டத்தட்ட ஒரு கெஜம் அதிகமா வந்துரும்.” குரலில் இத்தனை நாளில் இல்லாத எரிச்சல். “நாப்பது வருஷம் துணி அளந்தவன்கிட்டயே ஒரு கெஜம் ஏமாத்துறியா? பரண் மேல கோல் இருக்கு. எடு.”

கோல் துருப்பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்து தரையில் வைத்தான். அப்பா கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பி மேற்பார்வை பார்த்தார். “முனையோட முனை சேரணும். இடைவெளி விடாத. ம். போடு.” ஆறாவது கோடு ரேழியில் விழுந்தது. அங்கிருந்து கட்டிலுக்குத் தெரியாது.

“சரியா வச்சியா?”

“வச்சேன்ப்பா.”

“நிலைப்படிக்கு எத்தன வருது?”

“எட்டரை.”

“தப்பு. ஒன்பது வரணும். எங்கயோ நழுவ விட்டுட்ட.”

“நீங்களே வந்து பாருங்க.”

அவன் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா கொஞ்ச நேரம் உத்தரத்தையே பார்த்தார். பிறகு, “அந்த வாக்கரை இப்படி நகர்த்து” என்றார்.

அன்று மூன்று கோடு வரை போனார். நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். நெற்றியெல்லாம் வேர்வை. “ஒண்ணு ஆச்சு” என்றார். மறுபடி எழுந்து இரண்டு கோடு. மூன்றாவது முறை ஒரே ஒரு கோடு. நாலாவது முறை எழுந்து நின்றவருக்குக் கை நடுங்கியது. உட்கார்ந்துவிட்டார். ஆறு கெஜம். பத்து ஆகவில்லை.

“பந்து போச்சு” என்றான் மகன்.

“போகட்டும். நாளைக்கு நம்மகிட்ட வரும்ல?” என்றார் அப்பா.

மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் உடம்பு சரியில்லாமல் நாலு. அடுத்த நாள் மறுபடி ஏழு. ஏழிலேயே மூன்று நாள் நின்றது. பிசியோதெரபி பெண்ணுக்கு விதியை விளக்கினார்கள். நாலு முறைக்குள் பத்து. அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் எத்தனை நிமிடம் ஓய்வு என்பதை மட்டும் தான் முடிவு செய்வதாகச் சொன்னார். திருச்சியிலிருந்து வீடியோ காலில் வந்த தங்கை, “கபடி கேம்ல நானும் ஒரு ஜாய்ஸ்டிக்” என்று ஆஜரானாள்.

ஒன்பதாம் நாள், நாலாவது முறையில், அப்பா நிலைப்படியைத் தாண்டித் திண்ணை ஓரத்துக் கோட்டின் மேல் வாக்கரை வைத்தார். அவர் தெருவைப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி, “எழுந்துட்டியாப்பா!” என்று கத்தினார். அப்பா பதில் சொல்லாமல் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப மறுபடியும் நாலு உண்டுல்ல?”

ஆவணி முடிவதற்குள் நாலு, மூன்றானது. மூன்று இரண்டானது. கடைசியில் ஒரே மூச்சில் பத்து கெஜம். புரட்டாசியில் வாக்கர் போய் கைத்தடி வந்தது. கோடுகள் தேவைப்படவில்லை. மகன் சென்னை திரும்பினான்.

மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஐப்பசி என்றால் காவிரி. மாதம் முழுக்கத் துலாக்கட்டத்தில் நீராட வருவார்கள். ஐப்பசி கடைசி நாள் கடைமுகத் தீர்த்தம். அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, ‘முடவன் முழுக்கு’. ஐப்பசிக்குள் காவிரியில் முழுகிவிட வேண்டும் என்று நடக்க முடியாத ஒருவன் வெகுதூரத்திலிருந்து தவழ்ந்து, விழுந்து, எழுந்து வந்தானாம். வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டது. அழுது முறையிட்டவனுக்கு ஈசன் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தாராம். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா சின்ன வயதிலிருந்து கடைமுகத்துக்குத்தான் போவார், மறுநாள் போனதில்லை. கடந்த ஆண்டு, “நான் இந்த வருஷம் முடவன் முழுக்குக்குப் போறேன்” என்றார். அம்மாவுக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மகனும் வந்தான். ஆட்டோ ஓரளவுக்கு மேல் போகவில்லை, கூட்டம். இறங்கிக் கைத்தடியோடு நடந்தார். பக்கத்தில் போன மகனுக்கு அவர் வாய்க்குள் எதையோ எண்ணுவது கேட்டது. மந்திரம் இல்லை. “ஏழு... எட்டு...”

படியில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மேல்படியிலேயே நின்றார். மகன் இறங்கி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். அப்பா தலையைக் கொஞ்சம் குனிந்தார். ஊற்றினான். சின்ன வயதில் அவர் அவனுக்கு ஊற்றியது போலவே, கண்ணில் படாமல் இன்னொரு கையை நெற்றியில் அணை கட்டிக்கொண்டு.

“திரும்பலாமாங்க?” என்றார் அம்மா.

“இரு. அவன் இன்னொரு சொம்பு கொண்டு வரட்டும்.”

கெஜக்கோல் மறுபடி பரணுக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனும் மாறிவிட்டது. இப்போது தினமும் வருகிறது, இரவு 8 மணி வாக்கில், அப்பாவே செய்கிறார். எடுத்ததும் “சாப்பிட்டியா?” என்று கேட்பதில்லை.

“இன்னிக்குக் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தேன்டா. எத்தன பத்துன்னு நீயே கணக்குப் போட்டுக்க.”